சோடா கேனுக்குப் போடும் உறை: கூஸியா, கோஸியா, ஸ்டபி ஹோல்டரா?

கேள்வி கேட்டவர் டெக்ஸாஸில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். கோடைக்காலப் பிக்னிக்குக்காக, சோடா கேன் மேல் மாட்டுகிற மெத்தென்ற உறை 200 அச்சடிக்கப் போகிறார்கள். ஆர்டர் படிவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியலில் வேறு பெயர், சங்கத்து மின்னஞ்சலில் மூன்றாவதாக ஒரு பெயர். இதில் எது சரி, ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும், தமிழ் அறிவிப்பில் என்னவென்று போடுவது என்று கேட்டிருக்கிறார்.

பதினான்கு வருடமாக நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். டி-ஷர்ட், தொப்பி, பேனா, காபிக் கோப்பை, அப்புறம் இந்த உறை. விழாவுக்கு விழா அச்சடித்துக் கொடுப்பதுதான் வேலை. பெயர்க் குழப்பம் ஆர்டர்தோறும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். அமெரிக்காவில் படிவத்தில் ‘கேன் கூலர்’ என்று எழுதுங்கள், யாருக்கும் சிக்கல் வராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதன் பெயர் ‘ஸ்டபி ஹோல்டர்’. ‘கூஸி’ என்பது ஒரு நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட டிரேட்மார்க். அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு எழுத்துக்கோவைதான் உண்டு: கே, ஓ, ஓ, இஸட், ஐ, ஈ. முதல் எழுத்து பெரிய எழுத்து. இன்னொரு பெயரும் விலைப்பட்டியல்களில் அடிக்கடி வரும், அதை மட்டும் தயவுசெய்து எங்கும் எழுதாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பெயரின் பூர்வீகம் தேநீர்க் கெண்டி. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆறாமல் இருக்கக் கெண்டியின் மேல் ஒரு துணித்தொப்பி கவிழ்ப்பார்கள். அதற்கு ‘டீ கோஸி’ என்று பெயர். கம்பளி நூலில் பின்னியது, பஞ்சு வைத்துத் தைத்தது என்று பல விதம். ‘கோஸி’ என்பது ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், கதகதப்பு என்று பொருள். பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘எஸ்’ போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர்கள் ‘இஸட்’ போட்டு. இரண்டும் அவரவர் ஊரில் சரியே. 1981-இல் ஐடஹோவைச் சேர்ந்த ஒரு பெண்மணி பானக் கலத்துக்கான இப்படியொரு உறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதிலும் அவர் பயன்படுத்திய சொல் ‘கோஸி’தான். சூட்டைக் காக்க வந்த சொல் குளிரைக் காக்கும் பொருளுக்குப் போனது பிழையில்லை. அந்தப் பஞ்சுக்கு உள்ளே இருப்பது சூடா குளிரா என்று தெரியாது. வெப்பம் எந்தப் பக்கம் ஓடினாலும் அதை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

‘கோஸி’ எப்படிக் ‘கூஸி’ ஆனது? 1980-களின் தொடக்கத்தில் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் ரேடியோ கேப் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் ‘கூஸி’ என்ற பெயரைத் தன் பொருளுக்கு டிரேட்மார்க்காகப் பதிவு செய்தது. முதல் எழுத்தைக் ‘கே’ ஆக்கியதும் உள்ளே இரண்டு ‘ஓ’ போட்டதும் வேண்டுமென்றே செய்தவை. அகராதியில் உள்ள சொல்லை அப்படியே பதிவு செய்வது கடினம், எழுத்தை மாற்றினால் சொந்தம் கொண்டாடலாம். அமெரிக்க வணிகப் பெயர்களில் ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘கே’ நிற்பதை நிறையப் பார்க்கலாம். பிறகு அந்தப் பெயர் நார்வுட் என்ற விளம்பரப் பொருள் நிறுவனத்திடம் போனது. பேனாவுக்குப் பேர்போன பிக் நிறுவனம் 2009-இல் நார்வுட்டை வாங்கியது. பிக் தன் அமெரிக்க விளம்பரப் பொருள் பிரிவை 2017-இல் விற்றது, அந்தப் பிரிவு 2020-இல் தன் பெயரையே ‘கூஸி குரூப்’ என்று மாற்றிக்கொண்டது. கை பல மாறியும் பெயர் மட்டும் விடாமல் கூடவே வந்திருக்கிறது. அவர்கள் விற்கும் பொருளின் முழுப்பெயர் ‘கூஸி கேன் கூலர்’, அதில் கூலருக்கும் ‘கே’தான் போடுவார்கள்.

ஆகவே ‘சி’யில் தொடங்கும் கூஸி, ‘எஸ்’ போட்ட கூஸி, ‘ஒய்’யில் முடியும் கூஸி எல்லாம் என்ன? மக்கள் காதால் கேட்டு எழுதியவை. சில கடைக்காரர்கள் டிரேட்மார்க்கைத் தொடாமல் நழுவவும் ‘சி’ போடுகிறார்கள். அது நல்ல வழி இல்லை. ஒலி ஒன்றாக இருந்தாலே டிரேட்மார்க் தகராறு வரலாம், எழுத்தை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. போதாக்குறைக்கு, ‘சி’யில் தொடங்கும் அந்த வடிவம் பெண்களை இழிவாகச் சொல்லும் ஒரு அமெரிக்கக் கொச்சைச் சொல்லுக்கு மிக அருகில் போகிறது. குழந்தைகளும் வரும் பிக்னிக் அறிவிப்பில் அது வேண்டாம்.

‘எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், இன்னுமா அது ஒரு கம்பெனியின் பெயர்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் எந்த இயந்திரத்தில் நகல் எடுத்தாலும் ‘ஜெராக்ஸ்’தான், வனஸ்பதி எந்தக் கம்பெனியுடையதானாலும் ஒரு தலைமுறைக்கு அது ‘டால்டா’. வாயில் புழங்குவதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. ஆனால் வாயில் புழங்குவது ஒன்று, சட்டப்படி பொதுச்சொல் ஆவது வேறு. அமெரிக்காவில் ஆஸ்பிரின் 1921-இலும், எஸ்கலேட்டர் 1950-இலும் அப்படிப் பொதுச்சொல் ஆனவை. ‘கூஸி’க்கு அது நடக்கவில்லை.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான வழக்கு தெர்மாஸ். சூட்டையும் குளிரையும் காக்கும் இன்னொரு கலம் அல்லவா? வெற்றிடக் குடுவையை 1892-இல் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டூவர். தெர்மாஸ் என்ற பெயர் அதை விற்க வந்த நிறுவனம் வைத்தது. அலாடின் என்ற போட்டி நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்தியபோது வழக்கு நடந்து, 1963-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: மக்கள் வாயில் தெர்மாஸ் என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது, ஆகவே அலாடினும் எழுதலாம். ஆனால் முன்னால் தன் பெயரைப் போட வேண்டும், தெர்மாஸைச் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பழைய நிறுவனத்தின் சொத்து. ஒரு முதல் எழுத்தின் அளவு, சொத்துக்கும் பொதுச்சொல்லுக்கும் நடுவே வேலியாக நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நம் எழுத்துக்கு ஒரு சிக்கல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ‘கூஸி’ என்று எழுதினால் நிறுவனத்தின் பொருளைச் சொல்கிறோமா, பொதுவாகச் சொல்கிறோமா என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால் தமிழில் நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: அந்த நிறுவனத்தின் பொருளையே குறிப்பிடும்போது மட்டும் ‘கூஸி’, மற்ற எல்லா இடத்திலும் வேறு சொல். அந்த ஒரு இடத்திலும் ‘ஸி’ போட்டு எழுதுங்கள், ‘சி’ போட வேண்டாம். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்களின் ஆசை எனக்குப் புரியும். ஆனால் ‘கூசி’ என்று எழுதினால் அது நம் வினையெச்சம் ஆகிவிடும். கூசுதல், கூச்சம், ஐஸ்வாட்டர் பட்டால் பல் கூசுதல். குளிர்பானத்துக்குப் பக்கத்தில் ‘கூசி’ என்று நின்றால் படிப்பவருக்குப் பல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பெயர் விஷயத்தில் நேர் எதிராக நடந்ததும் இதே உறைக்குள் இருக்கிறது. நல்ல ரக உறைகள் நியோப்ரீனில் செய்யப்படுகின்றன, கடலில் முங்குபவர்களின் உடை தைக்கும் அதே செயற்கை ரப்பர். டூபாண்ட் நிறுவனம் அதை 1930-களின் தொடக்கத்தில் ‘டூப்ரீன்’ என்ற தன் பெயரில் விற்றது. பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டு, யாரும் பயன்படுத்தலாம் என்று ‘நியோப்ரீன்’ என்ற பொதுப்பெயரை அதுவே உண்டாக்கிக் கொடுத்தது.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கே 375 மில்லி கொள்ளும் கட்டையான பீர் பாட்டிலுக்கு ‘ஸ்டபி’ என்று பெயர். குட்டையானது, கட்டையானது என்பதுதான் பொருள். அதைப் பிடிக்க உதவுவது ஸ்டபி ஹோல்டர். பாட்டிலுக்கு வைத்த பெயர், ஆனால் கேனுக்கும் அதையேதான் மாட்டுகிறார்கள், பெயரும் மாறவில்லை. சிலர் ‘ஸ்டபி கூலர்’ என்பார்கள். எழுத்தில் ஒரே ஒரு தடுமாற்றம்: ஒருமையில் ‘ஒய்’யில் முடிப்பதா, ‘ஐ, ஈ’யில் முடிப்பதா? இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் அந்த ஊருக்கு அச்சடித்தால் ‘ஒய்’ போடுவேன். மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கும் நம்மவர்களிடம் ‘கூஸி’ என்று சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் ‘என்னது?’ என்பார்கள். ‘ஸ்டபி ஹோல்டர்’ என்றால் சமையலறை இழுப்பறையில் நாலு கிடக்கிறது என்று எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஊர் ஹோல்டரில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் தண்ணீர் வடியத்தான் அது என்று நினைப்பார்கள். உண்மையில் அது காற்றுக்கான வழி. கேனை உள்ளே தள்ளும்போது அடியில் மாட்டிய காற்று வெளியேற வேண்டும், இழுக்கும்போது உள்ளே வர வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் கேன் பாதியில் நின்று மேலே எம்பும், எடுக்கும்போது உறையும் கூடவே வரும். மடித்துப் பையில் வைக்கிற மெல்லிய பஞ்சு ரகத்தில் தையலிடுக்கிலேயே காற்றுப் போய்விடும், அதனால் ஓட்டை அவசியமில்லை.

இப்போது அந்த எழுதக் கூடாத பெயருக்கு வருகிறேன். குளிர்ச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு செல்லமாக ஒரு ‘ஈ’ ஒலியைச் சேர்த்து இந்த உறையைக் ‘கூலி’ என்று இங்கே பல கடைகள் எழுதுகின்றன. ஒலியில் மட்டும் இல்லை, ஆங்கில எழுத்திலும் அது அப்படியே நம் முன்னோரைக் கூப்பிட்ட அந்தப் பெயர்தான்.

தமிழில் ‘கூலி’ மரியாதையான சொல். திருக்குறளில் (619) உடல் வருந்தி உழைத்ததற்குக் கிடைக்கும் பலன் என்ற பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கிருந்து போனது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு மூன்று வழி சொல்வார்கள். குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயர் ஒன்று, தமிழின் கூலி இன்னொன்று. எந்த வழியில் போயிருந்தாலும், போன இடத்தில் உழைப்பவரின் சம்பளத்தைக் குறித்த சொல் உழைப்பவரையே குறிக்கும் சொல்லாகி, பிறகு வசவாகிவிட்டது. 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கினார்கள். அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு அங்கே இந்தியரை, வக்கீலானாலும் வியாபாரியானாலும், அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் குடியிருந்த லயங்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. கயானா, டிரினிடாட், பிஜி என்று கரும்பு போன இடமெல்லாம் அதுவும் போனது.

சில வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு குடும்ப விழாவுக்கு நாங்கள் உறை அச்சடித்துக் கொடுத்தோம். உறையின் மேல் பிள்ளையின் பெயரும் தேதியும் மட்டும்தான். ஆனால் தயாரிப்பாளரிடமிருந்து வந்த அட்டைப்பெட்டியின் பக்கத்தில் அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் கவனிக்கவில்லை. பெட்டியை அப்படியே மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், தமிழ் அரைகுறையாகத்தான் பேசுவார். குனிந்து அந்தப் பெட்டியைத் திருப்பி, எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி வைத்தார். பிறகு நிமிர்ந்து, ‘உன் தப்பில்லை தம்பி, ஆனா இதை இங்கே வைக்காதே’ என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எங்கள் விலைப்பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. தயாரிப்பாளர் அனுப்பும் பெட்டியில் இருந்தால் மேலே வெள்ளைத்தாள் ஒட்டித்தான் கொடுப்பேன். எழுதுபவர்கள் யாரையும் இழிவுபடுத்த நினைத்து எழுதவில்லை என்பது தெரியும். அதனால்தான் சண்டை போடாமல், எடுத்துச் சொன்னால் போதும் என்கிறேன். நான் சொன்ன கடைக்காரர்களில் பெரும்பாலோர் அன்றே மாற்றினார்கள். உங்கள் விலைப்பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ‘கேன் கூலர்’. பாதுகாப்பான பெயர் என்று நானே சொன்னேன். ஆனால் பொருளளவில் அது முழுக்கச் சரி இல்லை. இந்த உறை எதையும் குளிர வைப்பதில்லை. குளிர்ந்ததைக் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அதையும் நாம் நினைக்கிற வழியில் மட்டும் செய்வதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டுரன், டார்கன் ஃப்ரையர்சன் இருவரும் இதை ஆராய்ந்து 2013-இல் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதினார்கள். புழுக்கமான நாளில் குளிர்ந்த கேனின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கிறதே, கேனைச் சூடாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. காற்றிலிருக்கும் நீராவி தண்ணீராக மாறும்போது தன் வெப்பத்தை விட்டுவிட்டு மாறுகிறது, அந்த வெப்பம் நேரே கேனுக்குள் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேனின் மேற்பரப்பு ஏறத்தாழ 300 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் படிந்தால் 3 கிராம் தண்ணீர். ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 2,450 ஜூல் வெப்பம் வெளிப்படும், ஆக மொத்தம் 7,000 ஜூலுக்கு மேல். 355 மில்லி பானத்தை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க அது போதும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வியர்வைதான் பாதிக் குளிர்ச்சியைத் தின்கிறது. உறை செய்யும் பெரிய உதவி, ஈரக்காற்று கேனின் உடலைத் தொடாமல் தடுப்பது. நம் வீட்டு மண்பானையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது, பானை குளிர்கிறது. இங்கே ஆவி நீராகும்போது வெப்பத்தைக் கொண்டுவருகிறது, கேன் சூடாகிறது. ஹூஸ்டன் போன்ற கடலோரப் புழுக்கத்தில் உறைக்கு வேலை அதிகம், மேற்கு டெக்ஸாஸின் வறண்ட காற்றில் குறைவு.

அதனால்தான் தமிழில் பெயர் வைக்கும்போது ‘குளிரூட்டி’ என்று போக வேண்டாம் என்கிறேன். ‘கேன் குளிரூட்டி’ என்று ஒரு அறிவிப்பில் பார்த்தேன், குட்டி ஃப்ரிட்ஜ் என்று நினைத்து ஒருவர் விலை கேட்டார். நம்மிடம் ‘உறை’ இருக்கிறதே. தலையணை உறை, கத்தி உறை, கையுறை, காலுறை. ஒன்றன் மேல் கச்சிதமாகப் போர்த்தி அதைக் காப்பது உறை. அதே சொல்லுக்குக் குளிரால் இறுகுதல் என்ற பொருளும் உண்டு, உறைபனி என்கிறோம். குளிர்பானத்தின் மேல் போடும் போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

முன்னால் என்ன சேர்ப்பது என்பதில் மட்டும் ஊருக்கு ஊர் கவனம் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நமக்குக் ‘கேன்’ என்றால் சோடா கேன், ஆகவே ‘கேன் உறை’ போதும். சென்னையில் கேன் என்றால் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன். அங்கே அப்படி எழுதினால் தண்ணீர் கேனுக்குப் போடும் துணி உறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அங்கே ‘குளிர்பான டின் உறை’ என்று எழுதலாம்.

காபிக் கடையில் காகிதக் கோப்பையைச் சுற்றித் தருகிற அட்டை வளையத்துக்கு ‘ஸ்லீவ்’ என்று பெயர். சுட்டுவிடாமல் கையைக் காக்க வந்தது அது. அந்தப் பெயரில் தேடி ஆர்டர் போட்டால் சில சமயம் அட்டை வளையம் வந்து இறங்கும், அதனால் ‘கேன்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

பெயரைவிட அதிகமாக ஆர்டர்கள் தப்பிப்போவது அளவில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான 355 மில்லி கேன் 66 மில்லிமீட்டர் விட்டம், 122 மில்லிமீட்டர் உயரம். இப்போது அதே 355 மில்லி, ஒல்லியாக உயரமாக வருகிறது. விட்டம் 58 மில்லிமீட்டர்தான் இருக்கும். வழக்கமான உறையில் அதைப் போட்டால் தொளதொளவென்று கீழே நழுவும். பிக்னிக்கில் எந்தக் கேன் வாங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படிவத்தில் ‘கேன் கூலர், 355 மில்லி, வழக்கமான அளவு’ என்றோ ‘ஒல்லி அளவு’ என்றோ எழுதுங்கள். தமிழ் அறிவிப்பில் ‘வருகிற ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயர் அச்சடித்த கேன் உறை ஒன்று’ என்று போட்டால் போதும். உறையின் மேல் அதன் பெயரைப் போட வேண்டியதே இல்லை, அந்த இடத்தில் சங்கத்தின் பெயரையும் வருடத்தையும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.